மதிய உணவுக்குப் போகும் மரம்

தமிழ்நாட்டிலேயே அதிக தாகம் கொண்ட மரம் எங்கள் சரகத்தில்தான் இருக்கிறது என்று சென்னையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. நான் அதைக் கோப்புகளுக்கு அடியில் செருகி வைத்தேன். ரேஞ்சர் தில்லைநாயகம் அதை உருவி எடுத்து, லேமினேட் செய்து சுவரில் மாட்டச் சொன்னார். ஏற்கெனவே அங்கே சுத்தமான கழிப்பறைக்காக அவர் வாங்கிய சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அதற்கு.

"அறுபத்தொரு நாள், சென்னி! ஒரு நாள் விடாம மனுப் போட்டிருக்குதுய்யா. இந்த ஆபீஸ்ல ஒருத்தனுக்காவது அந்த விடாமுயற்சி இருக்குதா?"

"இல்லைங்க சார்," என்றேன்.

எனக்கு அந்த மரத்தைத் தெரியும். எண் 4417, பூதிமேட்டு ஓடைக்கரையில் நிற்கும் மருத மரம். அதன் சார்பில் மனுப் போடுகிறவரையும் தெரியும். ஒளித்தது அதனால்தான்.

என் பெயர் சென்னியப்பன், சொந்த ஊர் கோபிப் பக்கம். பதவி, ஒலியுணரிப் பராமரிப்பாளர், ஒப்பந்த அடிப்படையில். மலைக்காரர்கள் வைத்த பெயர் காது மெக்கானிக். அதுதான் பொருத்தம்.

மரத்துக்குள் வேரிலிருந்து உச்சிவரை முடியைவிட மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. மேலே இலை உறிஞ்ச உறிஞ்ச, கீழேயிருந்து தண்ணீர் நூல் போல இழுபட்டு ஏறும். மண் காய்ந்தால் நூல் அறுந்துவிடும். அறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். நமக்குக் கேட்காது. ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஒரு கருவியைப் பட்டையில் ஒட்டினால் அதற்குக் கேட்கும். அதைத்தான் நாங்கள் காது என்கிறோம்.

கண்டுபிடித்தவர்கள் இதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. யாரோ ஒரு வக்கீல், மரத்தின் சத்தமும் வாக்குமூலம்தான் என்று வாதாடி ஜெயித்துவிட்டார். அப்புறம் சட்டம் வந்தது, சட்டத்துக்குப் பின்னால் 'மரக்குறை தீர்ப்பு மையம்' வந்தது, மையத்துக்குப் பின்னால் நான் வந்தேன். ஒரு மரம் ஒரு நாளில் இருநூறு டிக்கைத் தாண்டினால் அதன் பெயரில் தானாக ஒரு மனுப் பதிவாகும். மூன்று நாளுக்குள் லாரியில் தண்ணீர் வந்தாக வேண்டும். மனு முடியும்வரை அந்த மரத்தின்மேல் யாரும் ரம்பம் வைக்கக் கூடாது.

மனிதர்களுக்கும் மனுப் போடும் வசதி உண்டு. நேரில் போக வேண்டும், ஆதார் வேண்டும், ரேஷன் கார்டு நகல் வேண்டும். கொடுத்தால் ஒரு எண் தருவார்கள். அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். மலையூரான பூதிமேடு தண்ணீர் கேட்டுப் போட்ட மனுவின் எண்ணுக்கு ஒன்றரை வருடமாக அதுதான் வந்துகொண்டிருந்தது. மழை பொய்த்து அது மூன்றாவது வருடம். நாற்பத்திரண்டு வீட்டுக்கு ஒன்பது நாளுக்கு ஒரு லாரி. பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு பிள்ளைகள். தண்ணீர் இல்லாவிட்டால் சத்துணவு இல்லை, சத்துணவு இல்லாவிட்டால் பிள்ளைகள் வருவதில்லை. பிள்ளைகள் பதினைந்துக்குக் கீழே போனால் பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். பக்கத்து ஊரில் அப்படித்தான் மூடினார்கள்.

இந்த நிலவரத்தில்தான் ஜூன் மாதம் நான் அந்த மருத மரத்தில் காது ஒட்டப் போனேன். ஒட்டியதும் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கு உலகம் முழுக்க ஒரே முறைதான்: பென்சிலின் கூர்முனையைப் பட்டையில் சாய்த்து வைத்து ஒடிப்பது. கூர் ஒடியும் சத்தமும் மரத்தின் குழாய் அறும் சத்தமும் கருவிக்கு அண்ணன் தம்பி. நான் ஒடித்தேன். காது பேசுவது ரேடியோவில், சிக்னல் வேண்டாம்; போனில் எண் ஏறியது. பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏனுங் தம்பி, பென்சிலைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க?"

மாராத்தாள் அக்கா. பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல்காரர். வயது நாற்பத்தேழு இருக்கும். இடுப்பில் வெறுங்குடம்.

நானும் ஒரு கூறுகெட்டவன். நம் தொழிலைப் பற்றி ஒருவர் ஆர்வமாகக் கேட்கிறாரே என்ற பூரிப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். இருநூறு டிக், மனு, மூன்று நாள், லாரி. அக்கா கவனமாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஹெச்பி பென்சிலா, டூ ஹெச்சுங்களா?"

"டூ ஹெச் நல்லாக் கேக்கும்க்கா. ஹெச்பி கொஞ்சம் மழுங்கும்."

நான்கு நாள் கழித்து 4417 தன் முதல் மனுவைப் பதிவு செய்தது.

லாரி வந்தது. டிரைவர் குழாயை மரத்தடியில் போட்டுப் போட்டோ எடுத்து மையத்துக்கு அனுப்பினார். அப்புறம் குழாய் இரண்டடி நகர்ந்து அண்டாவுக்குள் போனது. எனக்கு விஷயம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்தபின் நான் செய்தது என்னவென்றால், பூதிமேட்டுப் பக்கம் போவதையே நிறுத்தினேன். பார்க்காத ஒன்றை எப்படி அறிக்கையில் எழுதுவது? மரத்தை வைத்துப் பொய் மனுப் போட்டால் இரண்டு வருடம் ஜெயில். உடந்தைக்கு வேலையும் காலி, ஜெயிலும் உண்டு.

பாராட்டுக் கடிதத்துக்குப் பின்னாலேயே ஆளும் வந்தது. முனைவர் ரெஜினா, தூத்துக்குடிக்காரர், மையத்தின் மர மருத்துவர். ஜீப் அனுப்புகிறோம் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லி, பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐம்பது வயது, குள்ளம், முதுகில் மூட்டை, வாயில் கடலை மிட்டாய்.

ரேஞ்சர் எழுந்து நின்று வரவேற்றார். "மேடம், மரத்தைச் சுத்தி வேலி போட்டு, ஒரு பேர்ப்பலகை வெச்சு, பக்கத்துல செல்ஃபி எடுக்க மேடை கட்டலாம்னு இருக்கறோம்."

"கட்டலாம் சார். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம்." ரெஜினா மேடம் ஒரு தாளை விரித்தார். மலையும் பள்ளமுமாக ஒரு வரைபடம். "இந்த மரம் மத்தியானம் சாப்பிடப் போகுதே, ஏன்?"

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் கழிப்பறைச் சான்றிதழைப் பார்த்தேன்.

"காலைல ஏழு மணிக்கு ஆரம்பிக்குது. பதினோரு மணிக்குப் பட்டுன்னு நிக்குது. ரெண்டு மணிக்கு மறுபடியும் வருது. மரம்னா உச்சி வெயில்லதான் அதிகமா அழும். இது உச்சி வெயில்ல மட்டும் வாயைத் திறக்கறதில்ல. சனி ஞாயிறு அப்படி இல்ல, நாள் பூரா உண்டு. சுதந்திர தினத்தன்னைக்குப் பாருங்க, ஒன்பதரைக்குத்தான் முதல் சத்தம். கொடியேத்தி, மிட்டாய் வாங்கிட்டு வந்திருக்கும் போல."

"தேசப்பற்றுள்ள மரம் மேடம்," என்றார் ரேஞ்சர். விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று பத்து வருடம் கூட வேலை பார்த்த எனக்கே தெரியவில்லை.

மறுநாள் மேடத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். அக்காவுக்கு எப்படியாவது தகவல் சொல்லிவிடலாம் என்று வழி நெடுக போனை நோண்டினேன். மலையில் சிக்னல் கிடைத்தால் நான் ஏன் அடிவாரத்துச் சத்தியமங்கலம் வரைக்கும் இறங்கிப் போய் வீட்டுக்குப் பேசுகிறேன்?

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மரத்தில் ஒரு இலை கிடையாது. தொண்ணூறு அடி உயரத்துக்கு மொட்டையாக, வெள்ளை வெளேரென்று நின்றது. அடியில் மாராத்தாள் அக்கா கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்து கூர் ஒடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். ஒளிக்கவில்லை. கையிலிருந்த பென்சிலை ஒரு சீவு சீவி, கடைசியாக ஒரு கூர் ஒடித்துவிட்டு எழுந்தார். விரலெல்லாம் கரி.

"சோறாக்க நேரமாச்சுங்க. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும். சாப்புட்டுப் போட்டுப் பேசலாம் வாங்க. பசியில பேசுனா நீங்களும் கத்துவீங்க, நானும் கத்துவேன்."

மேடம் பின்னால் போனார். பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாம்பார் சாதமும் முட்டையும் சாப்பிட்டார். நான் என் முட்டையைப் பக்கத்துப் பிள்ளையின் தட்டில் வைத்தேன். கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவிய பிறகு, அதே தண்ணீரை அக்கா ஒரு வாளியில் பிடித்து வைத்தார். அப்புறம்தான் மேடம் வாயைத் திறந்தார்.

"எத்தனை நாளா?"

"உங்க தாள்ல இருக்குமுங்களே. அறுபத்தொண்ணுங்களா, அறுபத்திரெண்டுங்களா?"

"இது குத்தம்னு தெரியுமில்லையா?"

"தெரியுமுங்க. மரம் அழுதா லாரி வருது. நாங்க அழுதா நம்பர் வருது. நம்பர்ல சோறாக்க முடியுமுங்களா?" அக்கா வாளியைத் தூக்கினார். "அந்த மரத்தையும் நான் ஏமாத்தலீங்க. அது பேருல வாங்கறோம், தெனம் ரெண்டு குடம் அதுக்கு. இது அந்தக் கணக்குத்தான்."

மூவரும் மரத்தடிக்கு நடந்தோம். அக்கா வாளியைக் கவிழ்த்தார். மேடம் தன் கருவியில் எதையோ தட்டினார்.

"பென்சில் சத்தம் ஒரே அளவா இருக்கும். அதையெல்லாம் கழிச்சுப் பாத்தேன். மிச்சம் சைபர். அறுபத்தொரு நாள்ல இந்த மரம் சொந்தமா ஒரு டிக் கூட விடல."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. போலீஸ் வரும் என்று சொல்லியிருந்தால்கூட அப்படி விழுந்திருக்காது. "செத்துப் போச்சுங்களா? செத்ததுக்குப் பக்கத்துல உக்காந்துதான் இத்தனை நாள் ஒடிச்சுக்கிட்டிருந்தனா?"

மேடம் பேனாக்கத்தியால் பட்டையை நகக்கண் அளவு சுரண்டினார். உள்ளே பச்சை. தொட்டால் விரலில் ஈரம்.

"சாகல. தூங்குது. மரத்துல ரெண்டு ரகம் இருக்கு. ஒரு ரகம் எவ்வளவு காஞ்சாலும் வாயை மூடாது. இலை வெச்சுக்கிட்டு உறிஞ்சிக்கிட்டே இருக்கும், குழாய் டிக் டிக்குனு அறும். பச்சையாத்தான் தெரியும், ஆனா உள்ள காலி. இன்னொரு ரகம் வறட்சி வருதுன்னு தெரிஞ்சதும் இலையைக் கொட்டிட்டு வாயை இறுக்க மூடிக்கும். சாப்பாடு இல்ல, பட்டினி. ஆனா குழாய் பத்திரம். உறிஞ்சினாத்தானே அறும்? அதான் சத்தமே வராது. நம்ம காது கத்தறவனுக்கு மட்டும்தான் வேலை செய்யுது."

மேடம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"காதுல சத்தம் இல்ல, டிரோன் படத்துல இலை இல்ல. அந்த மரத்தை உங்க சரகத்துல என்னன்னு எழுதுவீங்க?"

"இறப்புன்னுங்க மேடம்."

"எழுதினப்புறம்?"

"கான்ட்ராக்டர் வந்து வெட்டிக்குவாருங்க."

"எழுதறதுக்கு முன்னாடி பட்டையைச் சுரண்டிப் பாக்கணுமே, நூத்துக்குப் பத்து மரம்?"

நான் ஜீப்பைப் பார்த்தேன். மே மாதம் ஏழாம் கூப்பில், அதாவது வெட்டுக்காகப் பிரித்து வைத்த ஏழாவது பகுதியில், முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்களை நான் இறப்பு என்று எழுதியிருந்தேன். பட்டியல் நேற்றே வேண்டும் என்று ரேஞ்சர் குதித்தார். அன்று வெயில் நூற்றேழு டிகிரி. ஜீப்பை விட்டு இறங்காமல், ஏசியைப் போட்டுக்கொண்டு, படிவத்தில் முப்பத்தொரு இடத்தில் 'சுரண்டிப் பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்காவின் பொய் அறுபத்தொரு நாள் உழைத்துச் சொன்ன பொய். என்னுடையது பத்து நிமிடம்.

மேடம் அக்காவையும் ஜீப்பில் ஏற்றி, ஏழாம் கூப்புக்குப் போகச் சொன்னார். போனோம். வெறும் அடிமரங்கள். வேங்கை, வெள்ளை மருது, தேக்கு, எல்லாம் முட்டிக்குக் கீழே. நல்ல வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. நூற்றில் எழுபது அடிமரத்தின் விளிம்பில் கட்டை விரல் நீளத்துக்குச் செம்பச்சையாகத் துளிர் விட்டிருந்தது.

"செத்தது துளிர்க்காது," என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் ஒரு வேங்கையின் அடிமரத்தில் உட்கார்ந்தேன். பிறகு அதில் உட்காரக் கூடாது என்று தோன்றி எழுந்தேன். வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறேன், எல்லாரும் திருப்பி நாலு வார்த்தை கேட்டார்கள். இவை ஒன்றும் கேட்கவில்லை. வெட்ட வெட்ட வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கின்றன.

"எட்டாம் கூப்பு?" என்று கேட்டார் மேடம்.

"நூத்தியெம்பது மரம். லிஸ்ட் ரெடிங்க மேடம். திங்கக்கிழமை காலைல ஆள் வருது."

அன்று வெள்ளிக்கிழமை. மேடம் ஜீப்பின் பானெட்டில் சாய்ந்து யோசித்தார். விதியை மாற்றச் சொல்லி அவர் அறிக்கை எழுதலாம். கோப்பு நகர மூன்று மாதம். வெட்டை நிறுத்தச் சொல்லி ரேஞ்சரிடம் கேட்கலாம். ரேஞ்சர் மேலிடத்தைக் கேட்பார், மேலிடம் திங்கட்கிழமை மாலைதான் போனை எடுக்கும்.

"மனு நிலுவையில இருக்கற மரத்தை வெட்ட முடியாது, இல்லையா?" என்றார் கடைசியில், தனக்குத் தானே சொல்வதுபோல.

"முடியாதுங்க மேடம்."

"எட்டாம் கூப்புல காது ஒட்டியிருக்கா?"

"நூத்தியெம்பதுலயும் இருக்குதுங்க. நாந்தான் ஒட்டுனேன்."

இருவரும் மாராத்தாள் அக்காவைப் பார்த்தோம். ஜீப்பின் பின்சீட்டில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

மேடம் மறைக்காமல் சொன்னார். "ஒண்ணு யோசிச்சுக்கங்க. நூத்தியெம்பது மரம் ஒண்ணா அழுதா அத்தனை லாரி கிடையாது. எல்லாம் வரிசையில நிக்கும். உங்க மரம் நூத்தியெம்பத்தொண்ணாவது. உங்க ஊருக்கு வர்ற லாரி நின்னுடும்."

அக்கா சீவுவதை நிறுத்தினார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்திருப்பேன். அவர் ஏழாம் கூப்பை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்த மலையில இருந்துதானுங்க எங்க ஓடை வந்தது," என்றார். "மொட்டையடிச்சுப் போட்டீங்க. எட்டாம் கூப்பையும் அடிச்சுட்டா மழை பேஞ்சாலும் எங்க வந்து நிக்கும்?" மடியில் விழுந்த சீவலைத் தட்டிவிட்டார். பிறகு கண்ணில் ஒரு குறும்பு வந்தது. "ஏனுங் மேடம், உங்களையாட்ட படிச்சவங்க ஆராய்ச்சின்னு வந்து கொட்டாய் போட்டுத் தங்குனா, உங்களுக்குத் தண்ணி யாரு குடுப்பாங்கோ?"

"மையம்தான். முகாமுக்கு வாரம் ஒரு லாரி. மனுவெல்லாம் வேண்டாம்."

"அப்பக் கொட்டாயைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே போட்டுருங்கோ. மழை வர்ற வரைக்கும் நல்லா ஆராய்ச்சி பண்ணுங்கோ."

மேடம் ஒரு கடலை மிட்டாயை உடைத்துப் பாதியை அவருக்குக் கொடுத்தார். ஒப்பந்தம் முடிந்தது.

மையத்தில் கொடுத்திருந்த டூ ஹெச் பென்சில் முனைகள் அடைத்த சோதனைக் குப்பிகள் ஒரு பெட்டி நிறைய மேடத்தின் மூட்டையில் இருந்தன. ஊருக்குத் திரும்பி அதைப் பள்ளிக்கூடத்து அடுப்படிப் பலகைமேல் வைத்துவிட்டு, "நான் எதையும் பாக்கல. மரத்தடியில உக்காந்து கணக்கெழுதப் போறேன். ரெண்டு நாள் யாரும் என்னைக் கூப்பிடாதீங்க," என்றார். இரண்டடி போய்த் திரும்பி வந்தார். "ஒரே ஒரு யோசனை. எல்லாரும் ஒண்ணா சாப்பிடப் போயிடாதீங்க. ஷிஃப்ட் போட்டு ஒடிங்க. மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் நிறைய, காலைல கம்மியா. மரம் மாதிரி அழுங்க."

சனியும் ஞாயிறும் பூதிமேட்டில் ஒரு வீட்டில்கூட ஆள் இல்லை. நூற்றெண்பது மரம், மரத்துக்கு ஒரே நாளில் இருநூறு, மொத்தம் முப்பத்தாறாயிரம் கூர். சனிக்கிழமை பாதி மரங்கள், ஞாயிறு மீதிப் பாதி. குப்பிகள் தீர்ந்தபின் பள்ளிக்கூடப் பென்சில்கள் வந்தன. அடுத்த பருவத்துக்கு வந்திருந்த பென்சில் கட்டும் பிரிக்கப்பட்டது. ஆடு மேய்க்கிறவர் ஆட்டை விட்டுவிட்டு வந்தார். சண்டை போட்டுக்கொண்டு நாலு வருடமாகப் பேசாத இரண்டு பங்காளிகள் ஒரே தேக்கின் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் ஒடித்தார்கள். நான் மட்டும் இருபத்தாறு மரம் முடித்தேன். கட்டைவிரல் நகம் பிய்ந்துபோயிற்று. முதல் முறையாக அந்தக் காட்டில் என் சம்பளத்துக்கு வேலை செய்தேன்.

ஒவ்வொரு மரத்திலும் ஒடிக்கும் முன்னால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். சிலது நிஜமாகவே செத்திருந்தது. அதற்கும் ஒடித்தோம். செத்தவர்கள் பெயரில் மனு நிலுவையில் இருப்பது ஒன்றும் நம் நாட்டுக்குப் புதிதில்லை.

திங்கட்கிழமை காலை ரேஞ்சர் ஓடி வந்தார். கான்ட்ராக்டரின் ஆட்கள் ரம்பத்தோடு சாலையில் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யோவ் சென்னி! நூத்தியெம்பதும் மனுப் போட்டிருக்குய்யா! செத்த மரம் எப்படிய்யா மனுப் போடும்?"

"அதைத்தானுங்க சார் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். நாம எழுதுனதுதான் தப்போ என்னமோ. விசாரணை வந்தா முதல் கையெழுத்து என்னுதுங்க, மேல் கையெழுத்து உங்களுது."

ரேஞ்சர் கான்ட்ராக்டரைத் திருப்பி அனுப்ப எடுத்துக்கொண்ட நேரம் நாலு நிமிடம். மேலிடம் எதிர்பார்த்தபடி மாலையில் போனை எடுத்தது. நூற்றெண்பது மனுவுக்கும் ஒரே பதில் வந்தது: 'பரிசீலனையில் உள்ளது.' பூதிமேட்டின் உயிரை ஒன்றரை வருடம் எடுத்த அதே இரண்டு வார்த்தை. பரிசீலனை முடியாமல் யாரும் எதையும் வெட்ட முடியாது. அரசாங்கம் எதையாவது உருப்படியாகப் பாதுகாக்கும் என்றால், அது நிலுவைதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

4417 பற்றிய அறிக்கையில் மேடம் எழுதியது: 'இம்மரத்தின் மனுக்கள் உண்மைத் தேவையிலிருந்து எழுந்தவை. மதிய நேர மௌனம் மேலும் ஆய்வுக்குரியது. ஆகவே முகாம் நீட்டிப்பு கோரப்படுகிறது.' ஒரு வார்த்தை பொய் கிடையாது. என்னைப் பற்றி எழுதவில்லை. கேட்டதற்கு, "நீங்களே எழுதுங்க," என்றார். ஏழாம் கூப்பில் நான் சுரண்டிப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதச் சம்பளம் பிடித்து, வேலையில் விட்டு வைத்தார்கள். காது ஒட்ட வேறு ஆள் மலையேற மாட்டேன் என்கிறான்.

மழை வர அதற்கப்புறம் ஒன்பது வாரம் ஆயிற்று. சொன்னபடி 4417-இன் லாரி நின்றது. முகாமின் லாரி அடுப்புக்கும் குடிக்கவும் சரியாக இருந்தது, அவ்வளவுதான். அந்த ஒன்பது வாரம் பூதிமேட்டில் யாரும் குளித்ததாக எனக்கு நினைவில்லை. மேடம் உட்பட. இரண்டு குடும்பம் தாங்காமல் திருப்பூருக்குப் போய்விட்டது, நான்கு பிள்ளைகளோடு. பள்ளிக்கூடம் இருபத்தேழோடு ஓடியது. மரத்துக்குத் தினம் இரண்டு குடம் என்ற பங்கை மட்டும் அக்கா குறைக்கவில்லை. சண்டைக்கு வந்தவர்களிடம், "அது பேருல தின்னிருக்கறோம்ல," என்று ஒரே பதில்.

ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. மூன்று வாரத்தில் எட்டாம் கூப்பு செம்பழுப்பாகத் துளிர்த்தது. நூற்றெண்பதில் நூற்று நாற்பத்தொன்று. வருடம் முழுக்கப் பச்சையாக நின்று, கத்திக் கத்தி லாரித் தண்ணீர் வாங்கிய நாவல் மரங்கள்தான் மழைக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. அறுந்த குழாய் மழை வந்தவுடன் ஒட்டிக்கொள்ளாது, புதுக் குழாய் கட்ட இரண்டு மூன்று வருடம் பிடிக்கும், அதுவரைக்கும் தாங்காதது போகும் என்றார் மேடம்.

4417 துளிர்க்கவில்லை.

கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. சுற்றிலும் எல்லாம் பச்சை, இது மட்டும் மொட்டை. சுரண்டினால் பச்சை தெரிந்தது, ஆனால் மங்கலாக. "வரலாம், வராமலும் போகலாம்," என்று சொல்லிவிட்டு மேடம் முகாமைக் கலைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். ஓடையில் தண்ணீர் வந்தபின் பென்சிலுக்கு வேலை இல்லை. அக்கா மட்டும் பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது மரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்பார். "ஊருக்கெல்லாம் வாங்கிக் குடுத்துப்போட்டு இது போயிருச்சுங் தம்பி," என்றார் ஒருநாள். நான் ஜீப்பைத் துடைத்தேன்.

தை மாதம் ஒரு புதன்கிழமை. நல்ல வெயில். ஓடைப் பாலத்தில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்தபோது போன் அதிர்ந்தது. 4417, ஒரு டிக். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது. பள்ளிக்கூட நாள்.

சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். மரத்தடியில் யாரும் இல்லை. கவிழ்த்த அண்டா தனியாகக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அக்கா பெரிய குண்டாவின் முன்னால் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் ஓடு.

"அக்கா, மரத்துக்கிட்ட யாராச்சும் பென்சில் வெச்சுக்கிட்டு...?"

"ஆருங் தம்பி இருக்கறாங்கோ? எல்லாப் பிள்ளைகளும் பந்தியில உக்காந்திருக்குது. ஏனுங்?"

போனைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து நான்காவது விழுந்தது. வாயைத் திறந்து உறிஞ்சினால்தான் குழாய் அறும், குழாய் அறுந்தால்தான் சத்தம் வரும் என்று இருவருக்குமே தெரியும். அக்கா முட்டையைக் குண்டாவில் போட்டுவிட்டு எழுந்தார். இருவரும் ஓடையின் எதிர்க்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தோம். வெயில் கண்ணைக் குத்தியது. தொண்ணூறு அடிக்கு மேலே, உச்சிக் கிளையின் நுனியில், மரத்தடியில் நிற்கிறவர்களுக்குத் தெரியாத இடத்தில், கைப்பிடி அளவுக்குச் செம்பு நிறத்தில் இலை.

இருநூறுக்குக் குறைந்தால் மனு ஆகாது. ஆகவே சென்னையில் யாருக்கும் தெரியாது.

அக்கா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கெல்லாம் வாயே தொறக்கல. நான் சோறு போடப் போன நேரமாப் பாத்து அழுகுது பாருங்," என்றார். திரும்பிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார். பிள்ளைகள் முட்டைக்குக் காத்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் திரும்பி வந்தபோது அவர் இடுப்பில் குடம் இருந்தது.